சீனிக் குளிசை பிரஷரை ஏற்றுமா? மெட்போமினில் பழி போடும் முன் செய்து பார்க்க வேண்டியவை

போன வருடம் ஒரு ஞாயிறு காலை பெரியம்மா போன் எடுத்தார். "அந்த மெட்போமினை நிப்பாட்டிப்போட்டன் பிள்ளை, அது பிரஷரை ஏத்துது" என்றார், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற அதே குரலில். கிளினிக்கில் அந்தக் குளிசையைத் தொடங்கி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. கொழும்பு காலி வீதியில் ஒரு பாமசியில் பிரஷர் பார்த்திருக்கிறார், 168/96 என்று காட்டியிருக்கிறது. புதிதாக வந்தது மெட்போமின், புதிதாக ஏறியது பிரஷர், அப்படியென்றால் குற்றவாளி அதுதானே என்று அவரே வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார்.

இந்தக் குழப்பம் பெரியம்மாவிடம் மட்டும் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிற சிநேகிதியின் அப்பா அதற்கு நேர் எதிராக, மெட்போமின் குடிப்பதால் பிரஷரும் சேர்ந்து இறங்கும் என்று நம்பி லொசாட்டன் என்ற பிரஷர் குளிசையை விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் இரண்டு பக்கத்தில் இருந்து செய்தார்கள். நான் டொக்டர் இல்லை, வீட்டில் மூன்று பேருடைய கிளினிக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆள், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தை டொக்டரிடமும் கேட்டு, வாசித்தும் பார்த்து, கடைசியில் வீட்டிலேயே ஒழுங்காகச் செய்து பார்த்த முறையை எழுதிவைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில் கேள்விக்கு நேரான பதில். பிரஷரை ஏற்றுகிற மருந்துகளின் கூட்டத்தில் மெட்போமின் இல்லை. இறக்குகிற மருந்து என்று சொல்லவும் முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் மேல் இலக்கத்தில் 1, 2 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் குறைவு கண்டார்கள், அதுவும் எல்லாரிலும் தெளிவாக இல்லை. ஒரு மாடி ஏறிவிட்டு அளந்தால் இதைவிடக் கூட வித்தியாசம் வரும். அது வேலை செய்கிற இடமே வேறு: ஈரல் இரத்தத்துக்குள் சீனியை விடுவதைக் குறைக்கிறது, இன்சுலினுக்கு உடம்பு வடிவாக மசியும்படி செய்கிறது. இரத்தக் குழாயைத் தளர்த்துவதோ, மூத்திரத்தில் உப்பை வெளியேற்றுவதோ அதன் வேலை இல்லை. சிலருக்கு நாளடைவில் இரண்டு மூன்று கிலோ எடை குறையும், அந்த வழியாகப் பிரஷருக்குக் கொஞ்சம் நல்லது நடக்கலாம், அதை நம்பிப் பிரஷர் குளிசையை விட முடியாது.

புது மருந்தும் இல்லை இது. 1922இலேயே டப்ளினில் தயாரித்துவிட்டார்கள், பாரிஸில் ழான் ஸ்டேர்ன் என்ற டொக்டர் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார், அமெரிக்காவில் மட்டும் 1994 வரை அனுமதி இழுபட்டது. இத்தனை காலமாக உலகமெல்லாம் விழுங்குகிற குளிசை பிரஷரைக் கிடுகிடு என்று ஏற்றுவதாக இருந்தால் எப்போதோ பிடிபட்டிருக்கும். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன், "எனக்கு ஏத்துது" என்றார். சரி, அப்படியானால் அளந்தே பார்ப்போம் என்று தொடங்கியதுதான் கீழே இருப்பது.

தொடங்கும் முன் ஒன்று. மெட்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த நாளே எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து. சீனி சத்தம் போடாமல் ஏறும், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டில்தான் பிடிபடும். வாந்தி, வயிற்றோட்டம் மாதிரி சில நேரங்களில் நிறுத்தத்தான் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரஷரை ஒழுங்காக அளப்பது

பெரியம்மா 168 கண்ட நாளில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டேன். அவர் இருப்பது நாலாம் மாடி, லிஃப்ட் பழுது. படியால் இறங்கி, ஹம்டன் லேன் பக்கம் மரக்கறி வாங்கி, இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து பாமசிக்குள் போய், நின்ற மூச்சோடு கதிரையில் இருந்து கையை நீட்டியிருக்கிறார். பட்டியை நீளக் கைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். கட்டிய பையனோடு லிஃப்ட் கதையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். காலையில் இரண்டு பிளேன் ரீ. இவ்வளவுக்கும் பிறகு என்னைக் கட்டி அளந்தாலும் 150 காட்டும்.

ஆகவே முதல் வேலை, வீட்டில் ஒரு கிழமை அளப்பது. மேற்கையில் கட்டுகிற மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையைக் கொஞ்சம் மேலே கீழே பிடித்தாலே அதன் கணக்கு மாறிவிடும். வாங்கும்போது பட்டியின் அளவைப் பாருங்கள். சாதாரணப் பட்டி 22 முதல் 32 சென்டிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு; அதைவிடப் பருத்த கைக்குப் பெரிய பட்டி தனியாக வரும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தையல்காரருடைய அளவு நாடா ஒன்று போதும், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

அளக்கிற முறை இது. அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே தேநீர், கோப்பி, சிகரெட் வேண்டாம். சலம் போய்விட்டு வந்து இருங்கள், அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். முதுகு சாய்கிற கதிரை, பாதம் இரண்டும் தரையில், காலுக்கு மேல் கால் போடாமல், கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாதான். போன் பார்க்காமல், நாடகம் பார்க்காமல், யாரோடும் கதைக்காமல். பெரியம்மாவுக்கு இந்த ஐந்து நிமிடம்தான் மிகக் கஷ்டமாக இருந்தது, நான் எதிரில் இருந்தால் கதைப்பார் என்று அறைக்கு வெளியே போய் நின்றேன். பட்டி வெறும் தோலில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் ஒரு முறை, ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் 135/85க்கு மேல் சராசரி வந்தால் அது உண்மையான பிரஷர் என்று எடுக்கலாம். கிளினிக்கில் அளந்தால் 140/90. சீனி வருத்தமும் இருப்பவருக்குப் பொதுவாக 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள், வயது போனவர், அடிக்கடி தலைசுற்றுகிறவர் என்றால் டொக்டர் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பார்.

பிடிக்காத இலக்கம் வந்தால் அதை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்ப அளந்து நல்லது வரும்வரை போகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது (எங்கள் வீட்டிலும் ஒருவர், பெயர் வேண்டாம்). அப்படிச் செய்தால் ஏழு நாளும் வீண். வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

கூடவே, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு தடவை நின்றும் அளந்து பாருங்கள். இருந்து அளந்த பின் எழும்பி ஒரு நிமிடத்தில், பிறகு மூன்றாவது நிமிடத்தில். மேல் இலக்கம் 20 அல்லது கீழ் இலக்கம் 10 விழுந்தால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். நாள்பட்ட சீனி வருத்தம் நரம்பைப் பழுதாக்கும்போது எழும்பி நிற்கையில் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற நரம்பும் தளரும். இருந்து அளந்தால் 150, நின்றால் 120 என்று இருக்கிற ஆளுக்கு இருந்த கணக்கை மட்டும் பார்த்துக் குளிசையைக் கூட்டினால் இரவில் சலம் போக எழும்பும்போது விழுந்து இடுப்பை உடைப்பார்.

அப்புறம், கிளினிக் நாள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பஸ்ஸில் நெரிபட்டு, நம்பர் எடுத்து, வாங்கில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து பார்க்கிற பிரஷர் கூடத்தான் செய்யும். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னால் நம் ஆட்கள் எல்லாக் குளிசையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். மெட்போமினை விடுவது சரி, அது சாப்பாட்டோடு போடுகிறது, இரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடும்போது போடலாம். பிரஷர் குளிசையைப் பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு வழக்கமான நேரத்தில் போடச் சொல்வார்கள், உங்கள் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதைப் போடாமல் போய், அங்கே 170 காட்டி, டோஸ் கூடி, வீட்டுக்கு வந்து கூட்டிய டோஸை ஒழுங்காகப் போட்டுத் தலைசுற்றி விழுந்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு.

குளிசைப் பையை மேசையில் கொட்டுவது

பெரியம்மாவின் ஏழு நாள் சராசரி 152/88. 168 இல்லை, ஆனாலும் கூடத்தான். அப்படியானால் ஏதோ ஏற்றுகிறது. இனித்தான் துப்புத் துலக்கும் வேலை. பிஸ்கட் டின்னில் இருந்த முழுவதையும் சாப்பாட்டு மேசையில் கொட்டச் சொன்னேன். கிளினிக் மருந்து, சனல் பண்ணின (காசு கட்டித் தனியாரில் பார்த்த) டொக்டர் எழுதியது, பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்தது, கனடாவில் இருந்து மகன் அனுப்பிய விற்றமின், ஆயுர்வேதக் கடைப் பொடி, எல்லாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், "முக்கியமானதை" மட்டும் எடுத்து வைத்தால் வேலைக்காகாது, முக்கியமில்லை என்று ஒதுக்குவதில்தான் பெரும்பாலும் ஆள் ஒளிந்திருக்கும்.

பெரியம்மா விஷயத்தில் ஒளிந்திருந்தது டைக்குளோபினக். முழங்கால் நோவுக்கு. மெட்போமின் தொடங்கிய அதே கிழமையில் ஒரு பாமசியில் துண்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள், காலை ஒன்று இரவு ஒன்று என்று இவர் மூன்று கிழமையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். "அது நோக் குளிசை, மருந்தில்லை" என்பது அவருடைய வாதம். டைக்குளோபினக், ஐபுபுரோபன் மாதிரியான நோக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் குளிசையின் வேலையையும் கெடுக்கும். அதோடு நிற்காது. லொசாட்டன், எனலபிரில் மாதிரி பிரஷர் குளிசை ஒன்று, மூத்திரத்தைக் கூட்டித் தண்ணீர் போக வைக்கிற குளிசை ஒன்று, இவற்றோடு டைக்குளோபினக்கும் சேர்ந்தால் மூன்றும் சிறுநீரகத்தை மூன்று பக்கத்தால் நெருக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்போமின் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். நோ எங்கே, பிரஷர் எங்கே, சீனி எங்கே என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், உள்ளே ஒரே குழாய்க்குத்தான் எல்லாம் வந்து சேருகின்றன.

மேசையில் தேட வேண்டிய மற்றவை: தடிமனுக்குப் போடுகிற, மூக்கடைப்பை எடுக்கிற குளிசைகள், முக்கியமாகச் சூடோஎபெட்ரின் உள்ளவை. பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீரொயிட், அது சீனியையும் பிரஷரையும் ஒன்றாகவே ஏற்றும், இழுப்புக்கோ மூட்டுக்கோ ஐந்து நாள் கொடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். தண்ணீரில் போட்டால் புஸ் என்று கரைகிற குளிசைகளில் உப்பு இருக்கிறது, கரைகிற பரசிட்டமோல் சிலவற்றில் ஒரு குளிசைக்கே கிட்டத்தட்ட 400 மில்லிகிராம் சோடியம் வரும், ஒரு நாளைக்கு ஆறு எட்டு என்று போட்டால் கருவாட்டுக் கறியே தோற்றுவிடும். பிறகு, பலர் நம்ப மறுப்பது, அதிமதுரம். சிங்களத்தில் வல்மீ என்பார்கள். இருமலுக்குக் கொத்தமல்லியோடு அவித்து இடைக்கிடை குடிப்பது வேறு, தினமும் மாதக்கணக்கில் குடிப்பது வேறு. நாள்பட்டால் அது பிரஷரை ஏற்றி, உடம்பின் பொட்டாசியத்தையும் இறக்கும். வேர்தானே என்று விடாதீர்கள். சீனிக்கென்று கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகையைக் குடிக்கிறவர்களும் கிளினிக்கில் சொல்லுங்கள், அது உண்மையிலேயே சீனியைக் குறைக்கக் கூடியது, மருந்தோடு சேர்ந்தால் கணக்கு மாறும்.

இன்னொன்று, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது. கிளினிக்கில் மெட்போமின் என்று கொடுப்பார்கள், சனல் பண்ணின இடத்தில் குளுக்கோபேஜ் என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சீனி மருந்தோடு மெட்போமின் சேர்ந்த குளிசை, லொசாட்டனோடு தண்ணீர்க் குளிசை சேர்ந்த குளிசை என்றும் இருக்கின்றன. பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரை வாசித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அன்றைக்கே டொக்டருக்கோ பாமசிஸ்டுக்கோ போன் எடுங்கள்.

மெட்போமின் அல்லாத சீனி மருந்துகள்

இங்கேதான் "சீனிக் குளிசை" என்று பொதுவாகச் சொல்வதால் குழப்பம் வருகிறது. எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் வேறு சாதி. அவை சீனியை மூத்திரத்தில் வெளியேற்றும், கூடவே உப்பும் தண்ணீரும் போகும், ஆகவே மேல் இலக்கம் 3 முதல் 5 வரை இறங்கும். தண்ணீர்க் குளிசையும் போடுகிறவர் இதைத் தொடங்கினால் முதல் சில கிழமை தலைசுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசியாகப் போடுகிற லிராகுளுடைட், செமாகுளுடைட் எடையோடு பிரஷரையும் கொஞ்சம் இறக்கும், நாடித் துடிப்பைச் சற்றுக் கூட்டும். பயோகிளிட்டசோன் தண்ணீரைத் தேக்கும்: கால் வீங்கினால், படுக்கும்போது மூச்சு முட்டினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது, இருதயம் தளர்ந்தவருக்கு அந்த மருந்தே ஆகாது. சிட்டாகிளிப்டின் பிரஷரில் பெரிதாகக் கை வைப்பதில்லை.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவையும் நேராகப் பிரஷரைத் தொடுவதில்லை, ஆனால் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். சீனி 70க்குக் கீழே போகும்போது வியர்த்து, நெஞ்சு படபடத்து, அந்த நேரம் அளந்தால் பிரஷரும் ஏறியிருக்கும். பிரஷர் கூடிவிட்டது என்று நினைத்து ஒரு பிரஷர் குளிசையைக் கூடப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். படபடப்பு வந்தால் முதலில் சீனியைக் குத்திப் பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். மெட்போமின் தனியாக இருந்தால் இந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். அட்டெனொலோல் மாதிரி பீட்டா புளொக்கர் (நாடித் துடிப்பைக் குறைக்கிற பிரஷர் மருந்து) போடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் மறைந்துவிடலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைட் மாதிரியான தண்ணீர்க் குளிசைகள் சீனியைக் கொஞ்சம் ஏற்றலாம். லொசாட்டன், எனலபிரில் வகை சீனிக்காரரின் சிறுநீரகத்தைக் காக்கும் என்பதால் விரும்பிக் கொடுப்பார்கள், எனலபிரிலில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும், அதையும் மெட்போமினின் தலையில்தான் போடுகிறோம், பாவம்.

சமையலறைப் பக்கம்

இதில் நீட்டி முழக்க விரும்பவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. நாங்கள் கறிச்சட்டியில் போடுகிற உப்பை மட்டும் எண்ணுகிறோம். கருவாடு, அச்சாறு, பப்படம், மோர்மிளகாய், பாண், மாலையில் கடையில் வாங்குகிற ரோல்ஸ், பற்றிஸ், சொசேஜ், கொத்து, சூப் கட்டி எல்லாவற்றிலும் இருப்பது கணக்கில் வருவதில்லை. பெரியம்மா "நான் உப்பே போடுறதில்லை" என்று சொல்லிக்கொண்டு சோற்றோடு தினமும் கட்டா சம்பல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், செவ்விளநீரிலும் நிறைய இருக்கிறது. லொசாட்டன் வகை போடுகிறவர், சிறுநீரகம் தளர்ந்தவர் இந்த இரண்டையும் கேட்காமல் தினமும் எடுக்கக் கூடாது. செவ்விளநீரில் சீனியும் உண்டு என்பதைப் பெரியம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மெட்போமினை நிறுத்த வேண்டிய நாட்கள்

தொடக்கத்தில் வயிறு குழம்பும், குமட்டும், சிலருக்கு வயிற்றாலே போகும். சாப்பாட்டுக்கு நடுவில் அல்லது உடனே பிறகு போட்டால், 500 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும், அடங்காவிட்டால் மெல்ல மெல்லக் கரைகிற வகையை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. வயிற்றாலே நிறையப் போனால் தண்ணீர் குறைந்து பிரஷர் இறங்கும், பிரஷர் குளிசையும் போடுகிறவருக்கு இன்னும் இறங்கும். மெட்போமின் பிரஷரைத் தொடுகிற வழி என்று ஒன்று இருந்தால் அது இந்தச் சுற்றுவழிதான்.

கடுமையான வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் மெட்போமினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். லொசாட்டன் வகை, தண்ணீர்க் குளிசை, எம்பாகிளிப்ளோசின் வகை, நோக் குளிசை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எதை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நன்றாக இருக்கிற ஒரு நாளிலேயே டொக்டரிடம் கேட்டு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வருத்தம் வந்த இரவில் யாரும் கிடைக்க மாட்டார்கள். வழக்கமாக, ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்று இரண்டு நாளில் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் மெட்போமின் போடுவதைச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் சாப்பிடவில்லை என்று தானாக இன்சுலினை முற்றாக நிறுத்தக் கூடாது. நோன்பு பிடிக்கிறவர்களும் கந்தசஷ்டி விரதம் இருக்கிறவர்களும் தொடங்குவதற்குச் சில கிழமை முன்னமே போய் நேரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டொக்டரிடம் போகும்போது

ஏழு நாள் கணக்கு ஒரு தாளில், எல்லா மருந்துகளின் பெயரும் டோஸும் இன்னொரு தாளில். இரண்டும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியும், நமக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினும் ஈஜிஎஃப்ஆரும் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் மெட்போமின் டோஸைக் குறைக்கப் பார்ப்பார்கள், 30க்குக் கீழே கொடுப்பதில்லை. மூத்திரத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்ததா என்றும் கேளுங்கள். வருடக்கணக்காக மெட்போமின் போடுகிறவருக்குக் கால் விறைத்தால் சீனி நரம்பு என்று விட்டுவிடாமல் விற்றமின் பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள், நாள்பட்ட பாவனையில் அது குறையக் கூடும்.

பிரஷருக்கென்று தனிக் குளிசை எழுதினால் வேண்டாம் என்று மல்லுக்கட்டாதீர்கள். பிரித்தானியாவில் சீனியும் பிரஷரும் சேர்ந்து இருந்த 1,148 பேரை வைத்து நடந்து 1998இல் வெளியான ஆய்வில், சராசரி 154/87 இருந்தவர்களைவிட 144/82 இருந்தவர்களுக்குப் பாரிசவாதம் 44 வீதம் குறைவாக வந்தது. மேல் இலக்கத்தில் வெறும் பத்துத்தான் வித்தியாசம். கொட்டாஞ்சேனை அப்பாவை லொசாட்டனுக்குத் திரும்ப இணங்க வைத்தது இந்தக் கணக்குத்தான், அவர் வங்கியில் வேலை செய்தவர், இலக்கம் சொன்னால்தான் கேட்பார்.

180/120 மட்டத்தில் வந்து, நெஞ்சு நோ, மூச்சு முட்டல், வாய் கோணல், கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், கண் மங்கல் ஏதாவது இருந்தால் இந்தக் கொப்பி, தாள் எதையும் தேட வேண்டாம், உடனே (இலங்கையில்) 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் இருந்து திரும்ப அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள்.

பெரியம்மா டைக்குளோபினக்கை விட்டார், முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மெட்போமினை அதே டோஸில் திரும்பத் தொடங்கினார். மூன்று கிழமை கழித்து இன்னொரு ஏழு நாள் அளந்தோம், சராசரி 138/82. மருந்து மாறினால் இப்படி இரண்டு மூன்று கிழமை விட்டு ஒரு தடவை அளப்பது போதும், ஒவ்வொரு நாளும் பத்துத் தரம் கட்டிப் பார்க்க வேண்டாம். 138 போதாது என்று கிளினிக்கில் லொசாட்டனும் தொடங்கினார்கள். அடுத்த முறை போகும்போது வீட்டு மெஷினையும் பையில் வைத்துக் கொண்டுபோய் தாதி மிஸ்ஸிடம் கேட்டு அங்கத்தை மெஷினோடு ஒத்துப் பார்த்தோம், நான்கு இலக்கம் வித்தியாசம், பரவாயில்லை என்றார். லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை.